பேயிடம் கேட்ட கேள்விகள்

“யாரு நீ? பேரச் சொல்லு!”

பழனியாண்டிப் பூசாரியின் உடுக்கை அதிர்ந்தது. அம்மாக்கண்ணுவைப் பிடித்திருந்த பேய் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவள் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவிலும் அம்மாக்கண்ணு தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பேச்சை விட்டு மாதக் கணக்காகிறது. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலையில் சும்மா நிற்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

“இது மனசுக்கு வந்த நோவு. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்யா” என்று தோட்டத்து டாக்டர் ஐயா தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் புருஷன் கந்தப்பன் கேட்டால்தானே? பெண்டாட்டியைப் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்க அனுப்பியவன் என்று நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? பூசாரியே பேயில்லை என்று சொன்னாலொழிய அனுப்புவதில்லை என்றுவிட்டான்.

பூசாரி சொல்வாரா? அவர் வந்தால் ஓடாத பேயில்லை என்று சுற்றுவட்டாரத்தில் பேர். வீட்டில் பேச ஆளில்லாதவர், பேயோடு பேசிப் பொழுதைப் போக்குகிறார் என்று கேலியும் உண்டு. பேய் பேசாவிட்டால் அடுத்தது பிரம்படிதான்.

உடுக்கை நின்றது. பூசாரியின் குரலும் தாழ்ந்தது.

“காலையில வேலைக்குக் கூப்புடுற பெரட்டுத் தப்பு அடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துருதா?”

அவள் தலையசைத்தாள்.

“சோறு மண்ணாட்டம் இருக்கா?”

“ம்.”

கூட்டம் வாயைப் பிளந்தது. பேச்சில்லை என்பதைத் தவிர வேறொன்றையும் கந்தப்பன் பூசாரியிடம் சொல்லியிருக்கவில்லை. “மாடசாமி அருளுய்யா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“எல்லாரும் சிரிக்கிறப்ப, அவங்க வேற மலையில நிக்கிறாப்ல தெரியுதா? நாம இல்லாட்டியும் யாருக்கும் ஒண்ணும் கொறையாதுன்னு தோணுதா தாயி?”

அம்மாக்கண்ணு ஓவென்று அழுதாள். பாவம், எத்தனை நாள் அடக்கி வைத்த அழுகையோ!

பூசாரி பிரம்பைக் கையில் எடுத்தார். கந்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவரோ அதை மூலையில் எறிந்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பேயுமில்ல, பிசாசுமில்ல. டாக்டரையா சொன்னதுதான் சரி. நாளைக்கே கண்டிக்குக் கூட்டிட்டுப் போ.”

கந்தப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. “பேயில்லேன்னா, அவ மனசுல உள்ளதெல்லாம் ஒங்களுக்கு எப்புடிங்க தெரிஞ்சிச்சு?”

பூசாரி கூட்டத்தைப் பார்க்காமல், மெல்லச் சொன்னார்:

“எனக்கும் அதே நோவுதாம்ப்பா. போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ.”