எதிர்பாராத அழைப்பு

"இன்னா பென்னி இது? நீ எழுதுன புரோகிராம் யாருக்கோ மெசேஜ் போட்டுக்கினு இருக்குது?"

ஏஞ்சல் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி: 'எதிர்பாராத அழைப்பு.'

பென்னி மாட்டிக்கொண்டான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு அலாரம் சாஃப்ட்வேர் எழுதிக்கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. கேஸ் கசிந்தால் சைரன் அடிக்க வேண்டும், பிளான்ட் மேனேஜருக்கு மெசேஜ் போக வேண்டும். கம்பெனி கேட்டது அவ்வளவுதான்.

சோதித்துப் பார்ப்பதற்காக நிஜ சைரனை அடித்து ஊரைக் கலவரப்படுத்த முடியாதே. அதனால் சைரனுக்கும் போனுக்கும் பதிலாக டம்மி வைப்பார்கள். மற்றவர்கள் வைக்கிற டம்மி, எது வந்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். பென்னி எழுதுவதைச் சோதிக்கும் ஏஞ்சல் வைப்பது 'ஸ்ட்ரிக்ட் மாக்'. சைரன், மெசேஜ் என்று இன்னின்ன அழைப்புதான் வரும் என முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவாள். அதில் ஒன்று கூடினாலும் ஃபெயில், குறைந்தாலும் ஃபெயில்.

"அது... காம்பவுண்டுக்குப் பின்னாடி காண்ட்ராக்ட் ஆளுங்க லைன் ஊடு இருக்குதுல்ல, அவங்களுக்கு" என்றான் பென்னி. "நம்பரெல்லாம் சிஸ்டத்துலயே இருக்குது. உள்ள சைரன் அடிச்சா, ஷிப்டு சங்குன்னு நெனைச்சுக்கினு அவங்க பாட்டுக்கு சோறு ஆக்கிக்கினு இருப்பாங்க ஏஞ்சல்."

"கம்பெனில கேட்டாங்களா?"

"இல்ல."

"வீரராகவன் சாராண்ட சொன்னியா?"

"சொன்னா வேணாம்பாரு. உன் டம்மியக் கொஞ்சம் லூசாக்கி உட்டுடேன். யாருக்கும் தெரியாது."

"அது என்னால ஆவாது."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே பாஸ் வீரராகவனின் கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள்.

பக்கத்து சீட் ஜெயராஜ் நாற்காலியோடு நகர்ந்து வந்தான்.

"போட்டுக் குடுக்கப் போயிட்டாளா? மனசுல ஈரமே கெடையாதுபா அதுக்கு. நீ இன்னும் பர்மனென்ட் கூட ஆவல. எதுக்குப் பேஜாரு? அந்த மெசேஜ் வரியத் தூக்கிடு."

கண்ணாடிக்குள்ளே வீரராகவன் முகத்தைச் சுளித்தார். ஏஞ்சல் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். பேசும்போதே பென்னி பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டான் பென்னி. தினமும் ஸ்டேஷனிலிருந்து அந்த லைன் வீடுகளைத் தாண்டித்தான் வருகிறான். நாளையிலிருந்து எந்த முகத்தோடு அந்த வழியாக நடப்பது?

ஏஞ்சல் திரும்பி வந்தாள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். பிறகு பாட்டிலில் தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள்.

சார் கூப்பிட்டுத் திட்டுவதற்கு முன்னால் நாமே எடுத்துவிடலாம் என்று பென்னிக்குத் தோன்றியது. எரிச்சலும் வருத்தமுமாக அந்த வரியை அழித்தான். டெஸ்டை ஓடவிட்டான். இனி பச்சை வந்துவிடும்.

வரவில்லை. மறுபடியும் சிவப்பு. ஆனால் இந்த முறை வேறு வாசகம்.

'எதிர்பார்த்த அழைப்பு வரவில்லை: லைன் வீடுகள்.'

மூன்று தடவை படித்தான். நிமிர்ந்தால், எதிரே பாட்டிலோடு ஏஞ்சல்.

"ஏன் எடுத்த?"

"நீ... சாராண்ட..."

"சார் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுட்டாரு. முதல்ல இழுத்தாங்க, அப்புறம் ஒத்துக்கினாங்க. இப்ப அதுவும் ஸ்பெக்ல, அவங்க கேட்ட லிஸ்டுல, சேந்துடுச்சு. என் டம்மிலயும் சேத்துட்டேன்" என்றபடி உட்கார்ந்தாள். "நீ ஒளிச்சு வெச்சா, நாளைக்கு எவனாவது வந்து வேண்டாத வரின்னு தூக்கிடுவான். இனிமே எவனாலயும் தூக்க முடியாது. பாரு, உன்னாலயே முடியல."