பச்சை ப்ளோயர்

இப்போதெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்தவனை யார் மதிக்கிறார்கள்? கற்றுக்கொண்ட கையோடு எதிர்வரிசையிலேயே பட்டறை போட்டு, நம் வாடிக்கையையும் இழுத்துக்கொள்கிறார்கள்.

ஐயாசாமி முணுமுணுத்துக்கொண்டே கிணத்துக்கடவுக் கல்லுக்குழிக்குள் இறங்கினார். கையில் தூக்குப்போசி. 'தம்பி பசியோட இருப்பான்' என்று பெண்டாட்டி கட்டிக்கொடுத்த சோறு.

அந்தத் தம்பி, அவரிடமே தொழில் கற்றுக்கொண்டுபோன மச்சினன் திருமலைசாமி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தான். பக்கத்தில் புதுப் பச்சைப் பெயிண்ட் மினுமினுக்க, காற்று ஊதும் ப்ளோயர் ஒன்று. அதன் வயிற்றில் 'திருமலைசாமி, கணபதி' என்று வெள்ளை எழுத்து.

கணபதி வட்டாரத்தில் ப்ளோயர் என்றால் ஐயாசாமிதான். ஆனால் பிள்ளைகள் அவர் பட்டறைப் படி ஏறவே இல்லை.

"ஏன் அம்மணி, ராக்கெட்டுங்கறீங்க, இரும்புல கட்டிப்போட்டிருக்கீங்க?" என்று சட்டத்தில் பூட்டியிருந்த குழாயைக் காட்டி ஒரு மாணவியிடம் கேட்டார் ஐயாசாமி.

"மோட்டாரை மட்டும் சோதிக்கறமுங்க ஐயா," என்றாள் சண்முகப்ரியா. "உள்ள இருக்கறது மெழுகுங்க. சிலிண்டர்ல இருந்து ஆக்சிஜன் விட்டு எரிப்போம். சுத்தியிருக்கற குழாய்ல வெளிக்காத்தும் போய்ச் சேந்தா இன்னும் எச்சாத் தள்ளோணும். காலைல காத்தில்லாம இருவது கிலோ தள்ளுச்சுங்க. இப்ப அதைத் தாண்டலீன்னா, காலேஜ்ல எல்லாத்தையும் மூட்டை கட்டச் சொல்லிருவாங்க."

"ஆகாசத்துல ப்ளோயருக்கு எங்க போவீங்க? முதுகுல கட்டி உடுவீங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "பறக்கறப்ப அந்த வேகத்துக்குக் காத்து தானா வந்து பூந்துக்குமுங்க. இங்க நிக்க வெச்சிருக்கறதாலதான் நாம ஊதறோம்."

ஐயாசாமி நம்பவில்லை. ப்ளோயரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காற்று வெளியேறும் வாயைத் தடவியதும் முகம் கடுத்துப்போயிற்று. அது அவருடைய வளைவு. வேறு எவனும் தகட்டை அப்படி மடக்கமாட்டான்.

'களவாணிப் பய. என்ற வளைவை அப்படியே பாத்து அடிச்சுப்போட்டானே!'

எல்லோரும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். ப்ளோயர் இரைந்தது. மோட்டார் சீறிக்கொண்டு பற்றியது, பாறையெல்லாம் அதிர்ந்தது. தள்ளுவதை அளக்கும் மீட்டரில் இருபத்தாறு கிலோ.

பிள்ளைகள் குதித்தார்கள். கூட வந்திருந்த புரொபசர் ஒரு சால்வையை எடுத்துத் திருமலைசாமிக்குப் போர்த்தினார். எரிந்த மெழுகைவிட ஐயாசாமியின் வயிறு அதிகமாக எரிந்தது.

"மீட்டரு ஏத்திக் காட்டுது அம்மணி! இந்த ஓட்டை ப்ளோயரு ஊதறதுக்கு இருவத்திரண்டு வந்தாலே பெருசு. அதுலயும் வளைவு திருட்டு வளைவு. அந்தச் சால்வை எனக்கு வரோணுமாக்கும்!"

திருமலைசாமி ஓடிவந்து அவரை ப்ளோயருக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது, மெல்லப் பேசுங்க. நான் திருடலீங்க. நான் பண்ணுனது நேத்து ஓட்டிப் பாக்கறப்பவே றெக்கை ஒடஞ்சு போச்சுங்க. இது மூடிப்போன பவுண்டரி ஒண்ணுல கெடந்துதுங்க. நீங்க பண்ணுனது."

"என்றதா?"

"பெயிண்ட்டும் பேரும் மட்டுந்தானுங்க நம்முளுது."

நகத்தால் பச்சையைச் சுரண்டிக் காட்டினான். அடியில், உளியால் கொத்திய 'ஐ'.

ஐயாசாமி அந்த எழுத்தைப் பார்த்தார். எட்டத்தில் இருந்த மீட்டரைப் பார்த்தார். தூக்குப்போசியை மச்சினனுக்குக் கொடுக்காமலே மேடேறத் தொடங்கினார்.

பாதி மேட்டில் நின்று, திரும்பாமலே கத்தினார்.

"அம்மணி, அந்த மீட்டரைத் தூக்கி வீசு! அந்த ப்ளோயருக்கு முப்பதுக்குக் கொறஞ்சு வராது!"