கென்டக்கிக்கு ஒரு வரி

அச்சகத்து ஜன்னலில் மாலை வெயில் சாய்கிறது. அடிமைமுறையை எதிர்க்கும் புதிய கட்சியின் அறிக்கையை, மை காயாத தாளிலிருந்து அச்சுக்காரர் தேயர் உரக்கப் படிக்கிறார். மேற்கே நாட்டோடு புதிதாகச் சேரும் நிலங்களில் இனி அடிமைகள் கூடாதாம். கூடியிருப்பவர்களின் தொப்பிகள் மகிழ்ச்சியில் பறக்கின்றன. ஆற்றைக் கடந்து தப்பிவந்த சலவைக்காரி கெசியா, சவக்காரத்தில் வெடித்த விரல்களால் மேசை விளிம்பைப் பற்றியிருக்கிறாள். அவள் மகள் லெட்டி இன்னும் அக்கரையில், கென்டக்கியில், அடிமை. அங்கே மாடு கத்துவதுகூட இங்கே கேட்கிறது.

“கென்டக்கிக்கு என்னங்கய்யா போட்டிருக்கு?”

தேயரின் குரல் தாழ்கிறது. “அடிமைங்க ஏற்கெனவே இருக்கற எடத்துல கை வைக்கறதில்லம்மா. வச்சா எவனும் ஓட்டுப் போடமாட்டான்.”

“இன்னொரு தரம் பாருங்கய்யா. எங்கயாவது ஒரு வரி இருக்கும்.”

தேயர் தாளைத் திருப்புகிறார். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.