பக்கம் மாறிய கண்

நாற்பத்தோராவது பாக்கிலும் கண் இடப்பக்கமே பார்த்தது.

சுண்ணாம்பு பூசிக் காயவைத்த கொட்டைப்பாக்கில் பொம்மைக் கண் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். அணில் வால் மயிரில் கட்டிய தூரிகை. நுனியில் நாலே நாலு மயிர்தான். விளக்கு மையில் தோய்த்து, சுண்டுவிரலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். மூச்சு விட்டால் இமை கோணிப்போகும்.

முதல் வாரம் எழுதிய கண்களெல்லாம் அழுது வீங்கியவை மாதிரி இருந்தன. வெற்றிலைக்குப் பாக்கு எடுக்க வந்த மாமியார் டப்பாவைத் திறந்து திடுக்கிட்டுப் போனார். வேறு சமயமாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். கல்யாண வேலை என்பதால் சிரித்துவிட்டுப் போனார்.

பாக்குக்குச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தவள் என் தங்கை யதுகிரி. கல்யாணமும் அவளுக்குத்தான். வரும் ஐப்பசியில்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணோடு பட்டத்துப் பொம்மையும் போகும். மரத்தில் செய்த ராஜாவும் ராணியும். புடவை, நகை, மூக்கு, உதடு எல்லாம் பொம்மைக்காரரே எழுதித் தந்துவிடுவார். ராணியின் கண்ணை மட்டும் வெறுமையாக விடச் சொல்வோம். பெண்ணைக் கொடுக்கிறவள்தான் அதைத் திறக்க வேண்டும் என்பது வழக்கம். என் ராணிக்கு அம்மா திறந்தாள்.

அம்மா போய் நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து யதுகிரி மைசூரில் எங்களோடுதான் இருக்கிறாள். அப்பா மேலுகோட்டைக் கோயிலே கதி என்று இருப்பவர். நீயே பார்த்துச் செய் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டார்.

நானேதான் பார்த்துச் செய்தேன்.

யதுகிரி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். காலேஜில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அத்திம்பேர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என் கணவரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து எழுதி வாங்கினாள். அவளுடைய இங்கிலீஷ் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று காலையில் நான் கல்யாணப் பேச்சை எடுத்தேன். வேண்டுமென்றே அன்றைக்கு எடுத்தேன்.

தெரிந்த மனுஷர், குரல் உயர்த்திப் பேசாதவர், நீ ஊரை விட்டே போக வேண்டாம் என்றெல்லாம் சொன்னேன். சொன்னது எதுவும் பொய்யில்லை. அவள் பகல் முழுவதும் சாப்பிடவில்லை. சாயங்காலம் காலேஜ் மூடியிருக்கும் நேரத்துக்கு வந்து, சரி என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பொம்மைக்கார லிங்கப்பன் கொள்ளேகால் பக்கத்துக்காரர். போன வாரம் ராணியைக் கொண்டுவந்து வைத்தவர், உலர்ந்துகொண்டிருந்த பாக்குகளைக் குனிந்து பார்த்தார்.

“பக்கம் மாறிப்போச்சுங்களேம்மா. ராணி ராஜாவைப் பாக்க வேண்டாமுங்களா?”

அவர் கேட்டது நியாயம். ராணி எப்போதும் ராஜாவுக்கு இடப்பக்கம் நிற்பாள். அதனால் அவள் கண்மணி தன் வலப்பக்கம், ராஜா இருக்கும் திசைக்கு ஒதுங்கியிருக்கும். நான் எழுதிய கண்களோ ஒன்று விடாமல் இடப்பக்கம் பார்த்தன. பாவம், எனக்குத் தெரியவில்லை என்று நினைத்து ஒரு பாக்கில் சரியாக எழுதிக் காட்டினார். நானும் தலையாட்டினேன். அவர் தெருமுனை திரும்பியதும் அதை ஈரத்துணியால் துடைத்தேன்.

இன்று நல்ல நாள். தலைக்குக் குளித்துவிட்டு ராணியை மடியில் சாய்த்துக்கொண்டேன். மேல் இமை ஒரே கோடு. கீழ் இமை அதைவிட மெல்லிசு. கண்மணியை இடப்பக்கம் வைத்தேன்.

மை உலரும்வரை மெல்ல ஊதினேன்.

யதுகிரி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கல்யாணத்துப் பொம்மைகளை வெளியே எடுத்தேன்.

அலமாரித் தட்டில் என் ராஜாவை நடுவில் வைத்தேன். அவருக்கு இடப்பக்கம் என் ராணி. வலப்பக்கம் புது ராணி. இரண்டு ராணிகளும் சரியாக ராஜாவைப் பார்த்தார்கள்.

எட்டு வருஷமாக எனக்குக் குழந்தை இல்லை. மாமியார் வெளியில் பெண் தேடக் கிளம்பியபோது, எவளோ ஒருத்தி வந்து என்னைத் துரத்திவிடுவாள் என்று பயந்து நடுங்கினேன். யதுகிரி என்னைத் துரத்த மாட்டாள். அவள் பெயரை முதலில் சொன்னது மாமியார் இல்லை, என் கணவரும் இல்லை. நான்தான்.

யதுகிரி மூன்று பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இனிமே அவரை அத்திம்பேர்னு கூப்பிடப்படாது இல்லையா, அக்கா?”

ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்மணி என் ராணியின் பக்கம் ஒதுங்கியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் பொம்மைக்காரர் எழுதியபடியே இருந்தது. இருவரையும் பார்க்கிற மாதிரி அதை நடுவில் மாற்றி எழுத இப்போது எனக்குத் தெரியும். தூரிகையில் மையும் மிச்சம் இருந்தது.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.