மூன்று நிமிடத் தூக்கம்

"மெஷின் நிக்கறதுக்குக் காரணம் உங்க ஆயாதான், டாக்டர்."

அச்யுத் சொன்னதைக் கேட்டு டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் கண்ணாடியைக் கழற்றினார்.

"பங்கஜமா? நிச்சயமா தெரியுமா?"

"கீபோர்டுல எந்த பட்டனை எப்ப அமுக்கினாலும் மெஷின் குறிச்சு வெச்சுக்கும். பத்து நாள்ல ஒரே பட்டனை ரெண்டாயிரம் தடவைக்கு மேல அமுக்கியிருக்காங்க. நேத்து கதவுக் கண்ணாடி வழியா நானே பார்த்தேன். விளையாட்டுச் சாமான் மாதிரி தட்டிண்டு நிக்கறாங்க."

அடையாறில் நாலு கட்டில் போட்ட அறை அது. ஆபரேஷன் முடிந்தவர்களைக் கண் விழிக்கும்வரை அங்கேதான் வைத்திருப்பார்கள். நாலு பேரின் இதயத் துடிப்பும் ஒரே திரையில் ஓடும். ஆபரேஷன் பகலில் மட்டும்தான்; சாயங்காலம் மெஷினை அணைத்துவிடுவார்கள். மெஷினைச் செய்தது தி.நகரில் ஒரு சின்ன கம்பெனி. அதன் பிராசஸரை ஆட்டி வைக்கிற கெர்னல் மென்பொருள் அச்யுத்தின் கைவேலை.

வைத்த பத்து நாளில் மூன்று தடவை திரை உறைந்துவிட்டது. அணைந்து தொலைத்தாலாவது தெரியும். கடைசியாக வந்த அலை அப்படியே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நலம் என்றுதான் தோன்றும்.

அந்த நினைப்பிலேயே அச்யுத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் எத்தனை மணி நேரம் சோதித்தாலும் அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

டாக்டர் பங்கஜத்தைக் கூப்பிட்டார். சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவள். ஐம்பது வயதிருக்கும்.

"மெஷினைத் தொட்டியா?"

"தொட்டேன் சார். அது இன்னான்னா..."

"அது டிவி இல்லைம்மா," அச்யுத் குறுக்கே புகுந்தான். "நாலு பேர் உயிர் விஷயம்."

"உசுரு வெசயம்னுதான் சார் நானும்..."

"போதும்," என்றார் டாக்டர். "இனிமே கீழே துணி துவைக்கிற இடத்துல வேலை பாரு. அச்யுத், இன்னிக்கு சாயங்காலம்வரைக்கும் பார்ப்பேன். மறுபடி நின்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுங்க."

அவள் படியிறங்கினாள்.

அச்யுத் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கெர்னலின் வரிகளை அச்சடித்த காகிதக் கட்டை மடியில் விரித்துக்கொண்டான். இரண்டாம் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் மயக்கத்தில் இருந்தார். திரையில் எழுபத்தெட்டு என்று எண் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் பெரியவர் இருமினார். உடம்பு தூக்கிப் போட்டது.

திரையில் அலை குதிக்கவில்லை. எழுபத்தெட்டு. அப்படியே எழுபத்தெட்டு.

"சிஸ்டர்!"

நர்ஸ் ஓடிவந்து பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாடி நல்லா இருக்கு சார்."

கீபோர்டை யாருமே தொடவில்லை. ஆயா கீழே இருக்கிறாள். அப்புறம் எப்படி நின்றது?

மெஷினை அணைத்துப் போட்டான். காகிதங்களைப் புரட்டினான். நாற்பத்தோராம் பக்கத்தில் அகப்பட்டது.

மே மாத வெயிலில் பிராசஸர் சூடாகக் கூடாது என்று அவனே எழுதிய வரி. மூன்று நிமிடம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் பிராசஸரைக் கொஞ்சம் தூங்க வைக்கும். லேசான தூக்கத்துக்கு ஒன்று என்று போட வேண்டும். மூன்று என்று போட்டிருந்தான். அது ஆழ்ந்த தூக்கம். இதயத் துடிப்பு வந்து எழுப்பினாலும் எழுந்திருக்காது.

ஆபீசில் சோதிக்கிறேன் என்று யாராவது எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கே அது தூங்க வழியே இல்லை.

மெஷினில் அந்த எண்ணை ஒன்றாக மாற்றினான். மெஷினை மறுபடி ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தான். அலை ஓடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் அறைக்குப் போனான். 'சரியாயிடுச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். வாய்வரை வந்ததை விழுங்கினான்.

"தப்பு என்னுது, டாக்டர். நான் எழுதின ஒரு வரி. மூணு நிமிஷம் யாரும் தொடலைன்னா நின்னுடும். ஆயா மேல ஒரு தப்பும் இல்லை."

டாக்டர் அவனையே பார்த்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"இருங்க. மூணு நிமிஷம் தொடலைன்னா நின்னுடும்னா, ஒரு நாளைக்கே நூறு தடவை நின்னிருக்கணுமே? பத்து நாள்ல மூணே தடவை எப்படி?"

அச்யுத் மெஷின் இருந்த அறைக்கு ஓடினான்.

மெஷின் குறித்து வைத்திருந்ததைத் திறந்தான். காலையில் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருந்தான். இப்போது நேரத்தைப் பார்த்தான்.

ஒன்பது இரண்டு. ஒன்பது நாலு. ஒன்பது ஆறு. மதியச் சாப்பாட்டு வேளையில்கூட விடவில்லை. அவளைக் கீழே அனுப்பும்வரை, பத்து நாளில் மூன்றே இடத்தில்தான் இடைவெளி இருந்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

பங்கஜம் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"அம்மா, நான் உங்களை..."

அவள் அவனை முடிக்கவே விடவில்லை.

"இன்னா சார், நீங்க இங்க வந்துட்டீங்க? பெரியவரு இன்னும் கண்ணு முழிக்கலையே! சும்மா வுட்டா அது நின்னுடும் சார். மேல இப்போ யாரு பட்டனை அமுக்கிக்கினு கீறாங்க?"