நாற்பது பவுண்டு

மருந்துக்கடையின் வெள்ளை வெளிச்சத்தில் நோராவின் கையில் எழும்பியிருக்கும் தடிப்புகள் இன்னும் சிவப்பாகத் தெரிகின்றன. ஏழு வயதுக்காரி, சனிக்கிழமைகளில் மட்டும் அப்பா கேல்வினிடம் வருகிறவள். மற்ற ஆறு நாளுக்குத் துணையாக அவன் போன மாதம் ஒரு பூனையை எடுத்து வந்தான். அதன் முடி அவன் கம்பளிச் சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே டுலூத் நகரத்தின் பனி ஜன்னல் கண்ணாடியை மெல்ல மூடுகிறது. மருந்தாளர் டொரீன் குனிந்து குழந்தையின் உதட்டைப் பார்க்கிறாள், மூச்சைக் கவனிக்கிறாள். "வீக்கமில்ல, எளைப்புமில்ல. சிரப் போதும். ஆனா வீட்டு ஸ்பூன்ல ஊத்திக் கொடுத்துடாதீங்க, இதுலதான் அளக்கணும்." ஊசியில்லாத பிளாஸ்டிக் குழாயை எடுத்து, எடைக்கேற்ற அளவில் கோடு போடப் பேனாவைத் திறக்கிறாள். "எடை எவ்வளவு?"

"நாப்பது பவுண்டு" என்கிறான் கேல்வின், யோசிக்கவே யோசிக்காமல். பேனா குழாயைத் தொடுகிறது. நோரா சொறிவதை நிறுத்திவிட்டு அவனை அண்ணாந்து பார்க்கிறாள்.

"இப்ப அம்பத்திரண்டுப்பா. நாப்பதெல்லாம் நீ எங்ககூட இருந்தப்போ."