மேப்பு கறுப்பாவே இருக்கட்டும்

"மேப்பு கறுப்பாவே இருக்கட்டும் தம்பி. பகல்லயும் கறுப்புதான், ராத்திரிலயும் கறுப்புதான்."

விழுப்புரத்தில் வெப்சைட் செய்து கொடுக்கும் அறிவுச்செல்வனுக்கு இது விநோதமாக இருந்தது. திண்டிவனம் பக்கம் 'தென்றல் நகர்' என்று மனை போட்டு விற்கும் அரங்கநாதன், எதிரே உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் எந்தக் கலர்ல இருக்குதோ, மேப்பும் அதுக்குத் தகுந்தா மாதிரி தானா மாறிக்கும்ணே. வெள்ளையில பாக்கறவங்களுக்கு வெள்ளையா தெரியட்டுமே. எல்லாம் பளிச்சுனு இருக்கும்."

"பளிச்சுனு இருந்து இன்னா ஆவப்போவுது? கறுப்புதான் ஸ்டைலு. சென்னையில எல்லாம் இப்ப அப்படித்தானாம்."

கேட்டதைச் செய்துவிட்டுப் போவோம் என்று அறிவுச்செல்வன் செட்டிங்கில் ஒரு வார்த்தையை மாற்றினான். மேப்பு கறுப்பிலேயே நின்றுவிட்டது. மனைக்கோடுகள் மட்டும் மஞ்சளாக மின்னின, மற்றதெல்லாம் ஒரே இருட்டு. மனுஷன் சொன்னதும் சரிதான், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அண்ணே, அந்தப் பதினாலாம் நம்பர் மனை இன்னும் இருக்குதா?" என்று மெல்ல ஆரம்பித்தான். "சித்திரையில நானும் அருணாவும் போய்ப் பாத்துக்கினு வந்தோம். மேடு பள்ளம் இல்லாம சமமா இருந்துச்சி. கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை வூட்லயே இருந்து பேஜாரா பூடுச்சிண்ணே."

அரங்கநாதன் முகம் ஒரு மாதிரி ஆனது. "உனக்கு எதுக்குப்பா அது? வேற எடம் போடுவேன், அப்ப பாக்கலாம்."

வேறு யாருக்கோ நல்ல விலைக்குப் பேசிவிட்டார் போலிருக்கிறது. அறிவுச்செல்வன் அப்படித்தான் நினைத்தான். மனை ஆசை யாரை விட்டது?

"நான் உங்க தம்பி மாதிரிண்ணே. இந்த வெப்சைட்டுக்குக் காசே வேணாம். மனைய எனக்கே குடுங்க."

அரங்கநாதன் பெருமூச்சு விட்டார். "நீயாத்தான் கேக்குற. பின்னாடி என்ன ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு, தண்ணிக் கஷ்டம் மட்டும் உனக்கு வராது."

அடுத்த வாரமே பத்திரம் முடிந்தது. அருணாவின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தாலும், அவள் முகத்தில் சிரிப்பு குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, போனில் அவளுக்கு மேப்பைக் காட்டினான்.

"ஒரே கறுப்பா இருக்குது, ஒண்ணும் புரியல. வெள்ளையில காட்டுங்களேன்."

"ஒரே ஒரு வார்த்தைய மாத்தினா போதும். இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா?" என்று பெருமையாக லேப்டாப்பைத் திறந்து மாற்றினான்.

அருணா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சுத்தி வயலெல்லாம் பச்சையா இருக்குது. நம்ம நகர் மட்டும் ஏங்க முழுசா நீலமா இருக்குது? பதினாலாம் நம்பர் மேல 'பெரிய ஏரி'ன்னு வேற எழுதியிருக்குது?"